முதல் சர்வீஸ்: கையெழுத்துக்கு முன் கவனம்

புதிய காரின் 'இலவச' சர்வீஸில் காருக்கு ஆகவேண்டிய வேலை குறைவு. உரிமையாளர் செய்யவேண்டிய வேலைதான் அதிகம்.

சீட்டின் பிளாஸ்டிக் வாசனை இன்னும் போயிருக்காது. பூஜை போட்டபோது பானெட்டில் வைத்த சந்தனப் பொட்டின் தடம்கூட அழிந்திருக்காது. அதற்குள் போன் வந்துவிடும். "சார், உங்க வண்டிக்கு ஃபர்ஸ்ட் சர்வீஸ் டியூ ஆயிடுச்சு. நாளைக்குக் காலையில கொண்டு வர்றீங்களா, ஆள் அனுப்பட்டுமா?" கொச்சியோ கொல்கத்தாவோ, பேசும் மொழிதான் மாறும். வாசகம் மாறுவதில்லை.

இந்த அழைப்பை ஏற்று காரைக் கொண்டுபோகும் பலருக்கு இரண்டு எதிர்பார்ப்புகள். ஆயிலை மாற்றி, எல்லாவற்றையும் முடுக்கி, காரைப் புதுசு போலத் தருவார்கள் என்பது ஒன்று. பைசா செலவாகாது என்பது மற்றொன்று. மாலையில் காரை எடுக்கப்போகும்போது இரண்டுமே பொய்த்துப்போவதுண்டு. ஆயில் மாற்றியிருக்க மாட்டார்கள். பில்லில் மட்டும் நாலாயிரமோ ஐயாயிரமோ ஏறியிருக்கும். கோபத்தோடு கேட்டால் ஒரு தாளை எடுத்து நீட்டுவார்கள். அதன் அடியில் இருப்பது உரிமையாளரின் கையெழுத்து.

முதல் சர்வீஸில் என்ன நடக்கும், எது இலவசம், எதற்கு வேண்டாம் என்று சொல்லலாம் என்பதெல்லாம் அப்படி ஒன்றும் ரகசியமில்லை. காரோடு கொடுத்த கையேட்டில் அச்சாகியிருக்கிறது. கார் வாங்கிய உற்சாகத்தில் படிக்காமல் விடப்படும் புத்தகமும் அதுதான்.

தேதியா, தூரமா?

நாட்டில் அதிகம் விற்பவை மாருதி சுஸுகி கார்கள். அவற்றின் அட்டவணைப்படி முதல் இலவச சர்வீஸ் 1,000 கி.மீ. அல்லது ஒரு மாதத்தில். இரண்டாவது 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதத்தில். மூன்றாவது 10,000 கி.மீ. அல்லது ஓராண்டில். வேறு பல நிறுவனங்களும் முதல் சர்வீஸை 1,000 முதல் 1,500 கி.மீ.க்குள், ஒன்று அல்லது இரண்டு மாதத்துக்குள் வைத்திருக்கின்றன. ஸ்கோடா போன்ற ஐரோப்பிய நிறுவனங்களின் வழக்கமான சர்வீஸ் இடைவெளியே 15,000 கி.மீ. அல்லது ஓராண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கு உள்ள கணக்கு நம் காருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது, 'எது முதலில் வருகிறதோ அது' என்ற வாசகம். தினமும் அலுவலகத்துக்கு 60 கி.மீ. ஓட்டுபவருக்குத் தூரம் முதலில் வரும். ஓய்வுபெற்றவர் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் காரை எடுத்தால் மாதம் 300 கி.மீ. தேறாது. அவருக்குத் தேதி முதலில் வந்துவிடும். 'வண்டிதான் ஓடவேயில்லையே' என்று தள்ளிப்போட்டால் கூப்பன் காலாவதியாகும். அதைவிட முக்கியம், சர்வீஸ் பதிவேட்டில் ஓர் இடைவெளி விழும். பிற்பாடு வாரண்டியில் ஏதாவது கேட்கும்போது நிறுவனம் முதலில் விரல் வைப்பது அந்த இடைவெளியில்தான்.

மாற்றலுக்குள்ளாகும் உத்தியோகஸ்தர்கள் கவலைப்படத் தேவையில்லை. சென்னையில் வாங்கிய காரை டில்லியிலோ புனேயிலோ இலவச சர்வீஸுக்கு விடலாம். மாருதி போன்ற பெரிய நிறுவனங்கள், நாடெங்கும் உள்ள தங்கள் அங்கீகாரம் பெற்ற எந்த ஒர்க்ஷாப்பிலும் இதை ஏற்றுக்கொள்கின்றன. விற்ற டீலரிடமேதான் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

'ரன்னிங் இன்' காலம்

முதல் சர்வீஸ் என்ற வழக்கம் வேறொரு காலத்தில் பிறந்தது. அம்பாசிடரும் பிரிமியர் பத்மினியும் சாலையை ஆண்ட நாட்களில் புதிய கார் என்பது முக்கால்வாசி தயாரான கார். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசி இழைந்து சரியாகும்வரை விரட்டக்கூடாது. பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டிக்கொண்டு மெதுவாகப் போவார்கள். அந்த உரசலில் உதிரும் உலோகத் துகள்கள் ஆயிலில் கலக்கும் என்பதால் சில நூறு கிலோமீட்டரிலேயே ஆயிலை வடித்துவிடுவார்கள். கார்புரேட்டரைத் திருகிச் சரிசெய்வது, டாப்பெட் இடைவெளியை அளப்பது, கான்டாக்ட் பாயின்ட்டைத் தேய்ப்பது என்று மெக்கானிக்கின் கைக்கும் காதுக்கும் வேலை இருந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இந்தியக் குடும்பத்துக்குப் புதிய தரத்தில் ஒரு கார் கிடைத்தது. பின்னர் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-6 புகை விதிகள் கட்டாயமாயின. இன்றைய எஞ்சினின் பாகங்கள் மிகத் துல்லியமாகக் கடையப்படுகின்றன. ஆயிலின் தரமும் உயர்ந்துவிட்டது. எனவே பல மாடல்களில் முதல் ஆயில் மாற்றம் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டை ஒட்டித்தான் வருகிறது. முதல் சர்வீஸில் ஆயிலைத் தொடவில்லை என்றால் டீலர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. கையேட்டில் அந்த வரிசையில் 'மாற்று' என்று போட்டிருக்கிறதா, 'சோதனை' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தால் தீர்ந்தது.

அதற்காக ரன்னிங் இன் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. முதல் 1,000 கி.மீ. வரை எஞ்சினை அதன் உச்சத்துக்கு விரட்டாதீர்கள், நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போகாதீர்கள், ஆரம்ப நாட்களில் அவசியமின்றித் திடீர் பிரேக் போடாதீர்கள் என்று இன்றைய கையேடுகளும் சொல்கின்றன. பிரேக் பேடும் கிளட்ச்சும் படிய அவகாசம் தேவை. இந்தக் கட்டத்தில் மைலேஜ் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. விளம்பரத்தில் பார்த்த எண்ணோடு ஒப்பிட்டு முதல் மாதமே சண்டைக்குப் போவதில் பயனில்லை.

பானெட்டுக்குக் கீழே

இன்றைய முதல் சர்வீஸ் பெரும்பாலும் ஒரு மருத்துவப் பரிசோதனை. எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், கண்ணாடி கழுவும் தண்ணீர் ஆகியவற்றின் அளவைப் பார்ப்பார்கள். காரை லிஃப்ட்டில் ஏற்றி அடியில் எங்காவது கசிகிறதா, சஸ்பென்ஷன் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கவனிப்பார்கள். பேட்டரி முனைகள், பெல்ட், பிரேக், விளக்குகள், ஹாரன், வைப்பர், ஏ.சி., கதவுக் கீல்கள் எல்லாம் பட்டியலில் உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, காரின் கம்ப்யூட்டர் ஏதாவது கோளாறைப் பதிவு செய்திருக்கிறதா என்று படிப்பார்கள். சில கார்களில் மென்பொருளும் புதுப்பிக்கப்படும். கடைசியில் கழுவித் துடைப்பு. வேலை என்று பார்த்தால் ஒன்றிரண்டு மணி நேரம். மீதி நேரமெல்லாம் காத்திருப்பு.

டயர் காற்றை மட்டும் நீங்களே பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. சரியான அளவு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவு அடித்து அனுப்பும் ஒர்க்ஷாப்புகள் உண்டு.

டீசல் கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பி.எஸ்.-6 டீசல் கார்களின் புகைபோக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. எஞ்சின் நன்றாகச் சூடேறும்படி சற்று நீண்ட தூரம் ஓடினால்தான் அதில் சேரும் கரி எரிந்து தீரும். நகர நெரிசலில் தினமும் மூன்று கி.மீ. மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்று முதல் சர்வீஸிலேயே கேட்டுவைத்தால் பின்னால் பெரிய செலவு மிஞ்சும்.

மின்சாரக் காரில் ஆயிலும் இல்லை, ஆயில் ஃபில்டரும் இல்லை. ஆனாலும் முதல் சர்வீஸ் உண்டு. பிரேக், டயர், சஸ்பென்ஷன், பேட்டரியைக் குளிர்விக்கும் திரவம், மென்பொருள் ஆகியவற்றைச் சோதிப்பார்கள். பேட்டரிக்குத் தனியே நீண்ட வாரண்டி இருப்பதால் (டாடா நெக்ஸான் மின்சாரக் காருக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. என்ற வாரண்டியோடு பேட்டரி வந்தது) அதன் சர்வீஸ் பதிவுகளைப் பத்திரப்படுத்துவது இன்னும் முக்கியம்.

'இலவசம்' என்ற சொல்

தமிழில் இலவசம் என்றால் காசில்லாமல் கிடைப்பது. சர்வீஸ் சென்டர் அகராதியில் அதற்குக் கூலியில்லாமல் கிடைப்பது என்று பொருள். மெக்கானிக்கின் உழைப்புக்குத்தான் கட்டணம் கிடையாது. ஊற்றும் ஆயிலுக்கும் மாற்றும் ஃபில்டருக்கும் காசு உண்டு. முதல் சர்வீஸில் இவற்றுக்கு அநேகமாக அவசியமில்லாததால் கணக்கு சில நூறு ரூபாயைத் தாண்டக் காரணமில்லை. சுழியாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

பிறகு ஆயிரங்கள் எங்கிருந்து வருகின்றன? சர்வீஸ் அட்வைசர் அடுக்கும் பட்டியலிலிருந்து. அடிப்பகுதித் துருத் தடுப்புப் பூச்சு, பெயின்ட் மினுமினுப்புக்கு டெஃப்லான் அல்லது செராமிக் பூச்சு, ஏ.சி. கிருமி நீக்கம், உட்புறச் சுத்தம், ஆயிலில் கலக்கும் ரசாயனம், வீல் அலைன்மென்ட், டயருக்கு நைட்ரஜன். சில சமயம் இவை பேசப்படாமலேயே ஜாப் கார்டில் ஏறிவிடும். கையெழுத்துப் போட்டபின் அவை 'வாடிக்கையாளர் கேட்ட வேலைகள்'. 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்துகொள்ளும்.

இவற்றில் எல்லாமே வீண் என்று சொல்ல முடியாது. மும்பை, சென்னை, விசாகப்பட்டினம் போன்ற கடலோர நகரங்களில் காரை வெட்டவெளியில் நிறுத்துபவருக்குத் துருத் தடுப்புப் பூச்சு பயன்படலாம். ஆனால் காரின் உடலுக்குத் துருத் தடுப்பு ஏற்கெனவே தொழிற்சாலையில் செய்யப்பட்டே வருகிறது. ஒரு மாதமே ஆன காருக்கு உட்புறச் சுத்தமும் கிருமி நீக்கமும் எதற்கு? கார் ஒரு பக்கமாக இழுக்காமல், பள்ளத்தில் பலமாக விழாமல் ஓடிக்கொண்டிருந்தால் வீல் அலைன்மென்ட்டுக்கு என்ன அவசரம்? ஆயிலில் வெளி ரசாயனம் கலப்பதற்குக் கையேட்டில் இடமிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அட்வைசரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். "இது கம்பெனி அட்டவணையில் இருக்கிறதா? எந்தப் பக்கம்?" இருந்தால் செய்யட்டும். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் வாரண்டி போய்விடாது. அட்வைசர்மீது கோபப்படவும் தேவையில்லை. விற்பனை இலக்கு அவர் தலைமீதும் தொங்குகிறது.

ஒரு தாளின் மதிப்பு

முதல் சர்வீஸின் மிக முக்கியமான பொருள் ஜாப் கார்டு எனப்படும் அந்தத் தாள். இப்போது பல இடங்களில் அது டேப்லெட் திரையாகிவிட்டது. விரலால் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். திரையானாலும் மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத்தான் விரலை வைக்க வேண்டும். ஓடிய கி.மீ., பெட்ரோல் அளவு, ஏற்கெனவே உள்ள கீறல்கள், செய்யப்போகும் வேலைகள், உத்தேசச் செலவு இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். 'என்னிடம் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக்கூடாது' என்ற வரியை எழுதச் சொல்லலாம். காரின் நாலு பக்கத்தையும் மீட்டரையும் செல்போனில் படமெடுத்துக்கொள்வது அரை நிமிட வேலை.

குறைகள் இருந்தால் அவற்றை எழுத வைப்பதுதான் முதல் சர்வீஸின் உண்மையான பயன். 'ஏதோ சத்தம் வருது' என்று சொன்னால், 'சோதித்தோம், சரியாக உள்ளது' என்று பதில் வரும். '40 கி.மீ. வேகத்தில், வேகத்தடை ஏறி இறங்கும்போது, முன் இடது பக்கம் டக் என்று ஒரு சத்தம்' என்று சொன்னால் மெக்கானிக் தேடத் தொடங்குவார். முடிந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக்காட்டுங்கள். முந்தைய வாரமே ஒரு தாளில் குறைகளைக் குறித்துவைத்தால் கவுன்ட்டரில் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

எழுத்தில் இருக்கவேண்டியதற்கு வலுவான காரணம் உண்டு. ஒரே கோளாறு மூன்றாம் முறையும் வந்தால், முதல் மாதத்திலிருந்தே அது இருந்தது என்பதற்குச் சாட்சி இந்த ஜாப் கார்டுதான். வாயால் சொன்னதற்குச் சாட்சியில்லை.

காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைப்பு ஏதாவது நிலுவையில் உள்ளதா என்றும் கேட்க வேண்டும். தயாரிப்புக் குறை தெரியவந்தால் நிறுவனங்கள் குறிப்பிட்ட காலத்தில் தயாரித்த கார்களைத் திரும்ப அழைத்துப் பழுதான பாகத்தை இலவசமாக மாற்றித் தருகின்றன. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அப்படித் திரும்ப அழைக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்கும் அளித்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. இந்த வேலைக்குப் பாகமும் கூலியும் இரண்டுமே இலவசம்.

வெளி மெக்கானிக்கிடம் போனால்?

'வெளியே கை வைத்தால் வாரண்டி போச்சு' என்ற பயமுறுத்தல் கார் உரிமையாளர்களுக்குப் பழகிப்போனது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் அளித்த தீர்ப்பு இதைத் தொட்டது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு அது சுமார் ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி முழுவதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக்கூடாது, வெளியில் நடந்த தவறான வேலையால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பொருட்களைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்காக ஓர் இணையதளத்தையே தொடங்கியது. கார்களும் அதில் அடக்கம்.

எனினும் சொந்த அனுகூலத்தை யோசித்தால், கூலி இல்லாமல் கிடைக்கும் ஆரம்ப சர்வீஸ்களை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் செய்துகொள்வதே புத்திசாலித்தனம். உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. டில்லி கரோல்பாக், பெங்களூர் ஜே.சி. ரோடு, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற கார் அலங்காரக் கடைவீதிகளில் கூடுதல் விளக்கு, ஹாரன், ஸ்பீக்கர் பொருத்தும்போது காரின் ஒயரை வெட்டி ஒட்டுப்போடுவதுண்டு. பின்னாளில் மின்சாரக் கோளாறு வந்தால் நிறுவனத்துக்கு அந்த ஒட்டு ஒரு நல்ல காரணம். வெட்டாமல் செருகும் கப்ளர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது பாதுகாப்பு.

குறை தீராவிட்டால்

சர்வீஸ் மேனேஜர், பிறகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு என்று படிப்படியாக எழுத்தில் போக வேண்டும். அங்கும் பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு பெரிய வசதி செய்து தந்தது. காரை எங்கே வாங்கியிருந்தாலும், இப்போது வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கோவையில் வாங்கிய காருக்கு நாக்பூரிலிருந்து வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 20 லட்சத்துக்குட்பட்ட காருக்குப் புகார்க் கட்டணம் சில நூறு ரூபாயைத் தாண்டாது. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

எதிர்பார்ப்பிலும் அளவு வேண்டும். ஒரு பாகம் பழுதானால் புதிய காரே கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி நிபந்தனைப்படி பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் நிறுவனத்தின் கடமை, காரையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. தயாரிப்பிலேயே குறை என்று வாதிடுபவர் அதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அங்கும் முதலில் புரட்டப்படுவது ஜாப் கார்டுகள்தான்.

எனவே காரைத் திரும்ப எடுக்கும்போது செய்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, சொன்ன குறை தீர்ந்ததா என்று ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியை வாங்குங்கள். தொகை சுழி என்றாலும் பில் கேளுங்கள். கூப்பனில் முத்திரை விழுந்ததா, பதிவு கம்ப்யூட்டரில் ஏறியதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். ஐந்து வருடம் கழித்துக் காரை விற்கும் நாளில், வாங்க வருபவர் பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பார், எஞ்சின் சத்தத்தைக் கேட்பார், பிறகு சர்வீஸ் ஃபைலைக் கேட்பார். அதில் முதல் தாளாக இருக்கப்போவது அந்தச் சுழி ரூபாய் பில்தான்.